வீட்டில் பிரசவம் பார்க்க ஒன்றேகால் லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: சிஸ்டர், நாங்கள் பெங்களூரு கே.ஆர்.புரத்தில் இருக்கிறோம், சொந்த ஊர் ஆம்பூர். இது இரண்டாவது பிரசவம், 29 வாரம். முதல் குழந்தை தனியார் ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம்தான், ஆனால் அந்த நாளை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. மல்லாக்கப் படுக்க வைத்து அசையவிடவில்லை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டித் தையல் போட்டார்கள், என் கணவரை உள்ளேயே விடவில்லை. இந்த முறை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று பிரசவம் பார்க்கப் படித்த ஒரு மிட்வைஃபைப் பார்த்தோம். அன்பாகப் பேசுகிறார். ஒன்றேகால் லட்சம் கேட்கிறார், பாதி முன்பணம். அம்மா ஒரே அழுகை. பி.பி., சுகர் நார்மல். ஹீமோகுளோபின் மட்டும் 9.4, மாத்திரை போட்டால் மலச்சிக்கல் வருகிறது என்று நிறுத்திவிட்டேன். இவ்வளவு பணம் கொடுப்பது தகுமா?

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே அந்த 9.4, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் பிரசவத்தில் உங்களுக்கு நடந்தது தவறு. வழக்கம் என்பதற்காக எல்லோருக்கும் வெட்டித் தைக்கக் கூடாது, வலியின்போது நடப்பதா உட்காருவதா என்பது அந்தப் பெண்ணின் விருப்பம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018லேயே சொல்லிவிட்டது. நான் 31 வருடம் லேபர் வார்டில் இருந்தவள், அந்த வெட்டுக்குத் தட்டை எடுத்து நீட்டிய கை என்னுடையதும்தான். அதனால் உங்கள் பயத்தைப் பிடிவாதம் என்று சொல்லமாட்டேன். மிட்வைஃபுக்குக் கொடுக்கும் பணமும் வீண் இல்லை. தெரிந்த ஒருவரே மாசமாக இருக்கும்போதிலிருந்து கடைசிவரை கூட இருந்து பார்த்தால், வெட்டுவதும் ஆயுதம் போட்டு எடுப்பதும் குறைகிறது, இது பல நாடுகளில் பார்த்த விஷயம்.

ஆனால் மிட்வைஃப் வேண்டும் என்பது ஒன்று, வீட்டில்தான் வேண்டும் என்பது வேறு. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 64,000 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2011ல் வெளியிட்டார்கள், எல்லோரும் எந்தச் சிக்கலும் இல்லாத ஆரோக்கியமான பெண்கள். தலைப்பிரசவத்தை வீட்டில் திட்டமிட்டவர்களில் ஆயிரத்துக்கு 9.3 குழந்தைகளுக்குப் பெரிய பாதிப்பு, ஆஸ்பத்திரியில் 5.3. உங்களைப் போல ஏற்கெனவே பெற்றவர்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அவர்களிலும் நூற்றுக்கு 12 பேரை நடுவிலோ, பிரசவம் ஆன கையோடோ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. (தலைப்பிரசவம் என்றால் 45 பேர்.) அங்கே மிட்வைஃப் அரசு மருத்துவச் சேவையின் ஆள், அவர் ஒரு போன் போட்டால் ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் அவரோடு சேர்ந்தே வேலை செய்யும். இங்கே சாயங்காலம் ஆறரை மணிக்கு டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலைத் தாண்டுவது எப்படி என்று உங்களுக்கே தெரியும், தாண்டிப் போனாலும் வாசலில் முதல் கேள்வி "எங்கே காட்டிக்கொண்டிருந்தீர்கள்?" என்பதுதான்.

இப்போது அந்த 9.4. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி விழுந்ததும் கர்ப்பப்பை இறுகினால்தான் அந்த ரத்தக் குழாய்கள் அடைபடும். ஒருநாள் ராத்திரி டியூட்டியில் ஒரு பெண், மூன்றாவது பிரசவம், எல்லாம் சுலபமாக முடிந்து குழந்தை மார்பில் பால் குடித்துக்கொண்டிருக்கிறது, நான் நோட்டில் நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். "சிஸ்டர், காது அடைக்குது" என்றாள், அவ்வளவுதான். போர்வையைத் தூக்கினால் ரப்பர் ஷீட் முழுக்க ரத்தம். வயிற்றில் கை வைத்தேன், தேங்காய் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டியது பிசைந்த மாவு மாதிரி அமுங்கியது. ஒருவர் வயிற்றைப் பிசைய, ஒருவர் ஊசி போட, இன்னொருவர் இரண்டாவது டிரிப் ஏற்ற, வார்டு பாய் ரத்த வங்கிக்கு ஓட, இருபது நிமிடம் போனது. பிழைத்தாள், ஆறாம் நாள் குழந்தையோடு வீட்டுக்குப் போனாள். அவளுக்கு ஹீமோகுளோபின் 11 இருந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை, உங்களுக்கு 9.4. அந்த இருபது நிமிடம் உங்கள் உடம்பு தாங்குமா என்பதுதான் கேள்வி. அந்த அறையில் எத்தனை கைகள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள், உங்கள் வீட்டில் எத்தனை இருக்கும்?

அதனால் இன்றைய நிலையில் வீட்டுப் பிரசவத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். மலச்சிக்கலை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வேறு மாத்திரை மாற்றித் தருவார், ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொல்வார், தேவையானால் நரம்பு வழியாகவே இரும்புச்சத்து ஏற்றுவார். மாத்திரையை டீ காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள், எலுமிச்சை ஜூஸோடு போடுங்கள். இன்னும் பத்து வாரம் இருக்கிறது, ஏற்றிவிடலாம்.

அந்த ஒன்றேகால் லட்சத்தை ஆஸ்பத்திரிக்குள்ளேயே மிட்வைஃப் பிரசவம் பார்க்கும் இடத்துக்குச் செலவழியுங்கள். பெங்களூரில் அப்படிச் சில இடங்கள் இருக்கின்றன, கதவுக்கு அந்தப் பக்கம் ஆபரேஷன் தியேட்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருப்பார்கள். முன்கூட்டியே போய், கணவரை உள்ளே விடுவீர்களா, நடக்க விடுவீர்களா, என் சம்மதம் இல்லாமல் வெட்டமாட்டீர்களே என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த இடம் பாருங்கள்.

ஹீமோகுளோபின் ஏறி, டாக்டரும் சரி என்று சொல்லி, அப்போதும் வீடுதான் என்றால், மிட்வைஃபின் அன்பான பேச்சு மட்டும் போதாது. நர்சிங் கவுன்சில் பதிவு எண் என்ன, உங்களோடு வரும் இரண்டாவது ஆள் யார், ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் ஊசியை 2 முதல் 8 டிகிரி குளிரில் கொண்டுவருவீர்களா, குழந்தை மூச்சு விடாவிட்டால் முதல் நிமிடத்திலேயே போட கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் ஆம்பு பேக் இருக்கிறதா, எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் என்னைச் சேர்த்துக்கொள்வார், இதெல்லாம் எழுத்தில் வேண்டும். நடுவில் ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் பணத்தில் எவ்வளவு திரும்ப வரும் என்பதும்தான், ஏனென்றால் அப்போது ஆஸ்பத்திரி பில் தனி. இன்ஷூரன்ஸும் பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான் பிரசவச் செலவு தரும். இந்தக் கேள்விகளைக் கேட்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: ஜாலஹள்ளியிலிருந்து எழுதுகிறேன். மனைவிக்கு அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம். டவுலா என்று ஒருவர் 35,000 ரூபாய் கேட்கிறார். மிட்வைஃபும் டவுலாவும் ஒன்றுதானே?

பதில்: இல்லை தம்பி. மிட்வைஃப் படித்துப் பதிவு செய்தவர், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார், பிரசவம் பார்ப்பார். டவுலா கையைப் பிடித்துக்கொள்வார், முதுகைத் தேய்த்துவிடுவார், தைரியம் சொல்வார். அதுவும் பெரிய உதவிதான், ஆனால் "பிரசவத்தையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு டவுலா சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவர் கூட இருக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016லேயே சொல்லியிருக்கிறது, செலவு கிடையாது. மனைவிக்குப் பிடித்த அக்காவோ சித்தியோ யாராவது இருந்தால், அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய் வார்டு சிஸ்டரிடம் இப்போதே பேசி வையுங்கள்.