ஸ்க்ரூவைப் பார்க்கிறதுக்கு முன்னாடி சுவரைப் பாருங்க

கேள்வி: அண்ணாச்சி, கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் ஊருக்குப் பக்கத்துல எங்க வீடு. அப்பா கட்டுன வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவர், மேல காங்கிரீட். ஹோம் தியேட்டரோட பின்பக்க ஸ்பீக்கர் ரெண்டையும் சுவர்ல மாட்டியிருந்தோம், ஒண்ணு 3 கிலோ வரும். போன வாரம் ராத்திரி அதுல ஒண்ணு ஸ்க்ரூவோட பிடுங்கிட்டு சோபாவுல விழுந்துட்டு. அன்னைக்கு சாயங்காலம் எங்க பாப்பா அங்கதான் படுத்திருந்தா. இப்போ அம்மா ஸ்பீக்கரே வேண்டாம்னு சொல்லுதாங்க. சீலிங்ல மாட்ட இன்னும் ரெண்டு வாங்கி வச்சிருக்கேன். பத்திரமா மாட்ட வழி இருக்கா? போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்: தம்பி, பாப்பா அந்த நேரம் அங்க இல்லைங்கறத படிச்ச பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மொதல்ல ஒரு காரியம் செய்யுங்க, விழாம மிச்சம் இருக்கிற அந்த இன்னொரு ஸ்பீக்கரை இன்னைக்கே கழட்டி கீழ வச்சிருங்க. ஒரே ஆளு ஒரே மாதிரி ஒரே சுவர்ல மாட்டுனது, அது மட்டும் நிக்கும்னு நினைக்க ஒரு காரணமும் இல்ல.

போட்டோவைப் பெருசு பண்ணிப் பார்த்தேன். ஓட்டைக்குள்ள மரக்கட்டை அடிச்சு அதுல ஸ்க்ரூ ஏத்தியிருக்காங்க, கட்டை முழுசா வெளிய வந்திருக்கு, நுனியில செம்மண் பொடி மாதிரி ஒட்டியிருக்கு. ஸ்க்ரூ நல்லாத்தான் இருக்கு, அது பிடிச்ச இடம்தான் போயிட்டு. மரம் ஈரத்துல ஊதும், காஞ்சா சுருங்கும். நம்ம மாவட்டத்துல ஜூன்ல ஒரு மழை, ஐப்பசியில இன்னொரு மழை, நடுவுல வெயில், அப்போ சுவருக்குள்ள இருக்கிற கட்டை ஒரு வருசத்துல ரெண்டு தடவை ஊதி ரெண்டு தடவை சுருங்குது, ஒவ்வொரு தடவையும் ஓட்டை கொஞ்சம் அகலமாகுது, இதுக்கு மேல ஸ்பீக்கரோட அதிர்வு வேற. வெட்டுக்கல் வேற இயல்பு. வெட்டி எடுக்கும்போது மென்மையா இருந்து காத்துப் பட்டுதான் கெட்டியாகும், அப்பவும் உள்ள பொத்தல் பொத்தலா இருக்கும். ஹேமர் மோடுல, அதாவது இடிச்சுக்கிட்டே சுத்துற மோடுல, டிரில் போட்டா பிட்டைச் சுத்தி உள்ள உதிர்ந்து போகும், வெளிய பார்த்தா ஓட்டை அழகா இருக்கும்.

இன்னொண்ணு, பூச்சை சுவர்னு நினைக்காதீங்க. உள்பக்கப் பூச்சு 12, 15 எம்எம் இருக்கும். கடையில பிராக்கெட்டோட குடுக்கிற பிளாஸ்டிக் பிளக், ஓட்டைக்குள்ள செருகி ஸ்க்ரூ ஏத்துறது, 30 எம்எம், அதுல பாதி பூச்சுக்குள்ளயே நின்னுரும், பூச்சு எடை தாங்குற பொருள் கிடையாது. உங்க சுவருக்கு 8 எம்எம் தடிமன்ல, 60லிருந்து 80 எம்எம் நீளம் உள்ள நைலான் பிளக் வாங்குங்க. ஹேமரை ஆஃப் பண்ணிட்டு மொதல்ல 6 எம்எம் பிட், பிறகு 8 எம்எம். பிளக் நீளத்தைவிட 10 எம்எம் கூட ஆழம் போகணும். கல்லு நடுவுல போடுங்க, ரெண்டு கல்லு சேருற இடத்துல வேண்டாம். உள்ள இருக்கிற பொடியை சைக்கிள் பம்பு வச்சு ஊதி எடுங்க, பொடி இருந்தா பிளக் கல்லைப் பிடிக்காது, பொடியைத்தான் பிடிக்கும். ஸ்க்ரூவை முறுக்க முறுக்க இறுக்கம் கூடிக்கிட்டே வரணும், பிளக் சேர்ந்து சுத்துச்சுன்னா அந்த ஓட்டை வேலைக்கு ஆகாது, அதுல கட்டையோ தீக்குச்சியோ திணிச்சு சமாளிக்காதீங்க.

அப்படி சுத்துனா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு கெமிக்கல் ஆங்கர், ஓட்டைக்குள்ள சல்லடை மாதிரி ஒரு குழாயை விட்டு பசையை நிரப்பி மரை போட்ட கம்பியைச் செருகுறது, பொத்தல் கல்லுக்கு இதைவிட நல்லது இல்ல, டியூப்ல போட்டிருக்கிற நேரம் முழுசும் காய விடணும். இன்னொண்ணு செலவு குறைஞ்சது, எனக்குப் பிடிச்சதும் அதுதான். ஒரு அடிக்கு ஒன்றரை அடியில ஒரு அயினிப் பலகையோ 18 எம்எம் பிளைவுட்டோ எடுத்து ஆறு இடத்துல சுவரோட முறுக்கிருங்க, ஸ்பீக்கர் பிராக்கெட்டை அந்தப் பலகையில மாட்டுங்க. ஒரு ஓட்டை தளர்ந்தாலும் மிச்சம் அஞ்சு தாங்கும். பெயிண்ட் அடிச்சுட்டா பார்க்கவும் உறுத்தாது. அயினி கெட்டி மரம், சின்ன பிட்டால ஓட்டை போட்டுட்டு ஸ்க்ரூ ஏத்துங்க, இல்லன்னா பலகை கீறிரும்.

3 கிலோதானேன்னு நினைக்காதீங்க. பிராக்கெட் சுவர்ல இருந்து 15 சென்டிமீட்டர் வெளிய நீட்டி நிக்குது, சுவர்ல ஒட்டுற தட்டு ஏழு எட்டு சென்டிமீட்டர் உயரம்தான், அதனால மேல் ஸ்க்ரூவை வெளிய இழுக்கிற விசை மட்டும் 6 கிலோ வரைக்கும் வரும். கை குட்டையா உள்ள பிராக்கெட் வாங்குங்க. ஸ்பீக்கர் பின்னாடி உள்ள மரையையும் பாருங்க, கால் இஞ்சும் 6 எம்எம்மும் பார்வைக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும், ஆனா மாத்திப் போட்டா ரெண்டு சுத்து போயிட்டு இறுகிரும், பலமா முறுக்குனா மரை அறுந்துரும். கையாலயே லேசா போற போல்ட்தான் சரியான போல்ட். பின்னாடி மரையே இல்லன்னா பெட்டியில நீங்களா ஓட்டை போடாதீங்க, கீழ தாங்குற தட்டும் ரெண்டு பக்கமும் கவ்வுற பிடியும் உள்ள பிராக்கெட் கிடைக்கும்.

சீலிங்குக்கு வாரேன். தலைக்கு மேல பிளாஸ்டிக் பிளக் போடவே போடாதீங்க. சுவர்ல எடை கீழ்நோக்கி இழுக்கும், சீலிங்ல எடை பிளக்கை நேரா ஓட்டையில இருந்து உருவப் பார்க்கும், மாசக்கணக்கா இழுத்துக்கிட்டே இருந்தா பிளாஸ்டிக் மெதுவா வழுக்கிரும். 6 எம்எம் இரும்பு ஆங்கர் போல்ட் (முறுக்குனா உள்ள விரிஞ்சு பிடிக்கிறது), காங்கிரீட்டுக்குள்ள 40 எம்எம் ஆழம், இங்க ஹேமர் மோடு வேணும். கம்பியில பிட் முட்டுனா கம்பியை அறுக்காதீங்க, ரெண்டு இஞ்சு தள்ளிப் போடுங்க. ஃபேன், லைட் பைப் எந்த வழியா போகுதுன்னு தெரிஞ்சுகிட்டு, அந்த லைனை ஆஃப் பண்ணிட்டு செய்யணும். சுவர்லயும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல ஓட்டை போடக்கூடாது, பைப் அங்கதான் ஏறியிருக்கும். மழையில ஒழுகுற இடம், பூச்சு ஊதி நிக்கிற இடம்னா அங்க மாட்டவே வேண்டாம். நாளைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டாலும் ஜிப்சம் போர்டுல தொங்க விடாதீங்க, அது 12.5 எம்எம் அட்டைதான், கம்பியை மேல காங்கிரீட்ல இருந்தே இறக்கணும்.

கடற்கரை ஊர்ல எங்க அக்கா வீட்டுல நான் மாட்டிக் குடுத்த ஸ்பீக்கர் ஒண்ணு மூணு வருசத்துல விழுந்துச்சு. பிளக் அப்படியே இருந்துச்சு, ஸ்க்ரூ உப்புக் காத்துல உள்ளயே அரிச்சுப் போயிருந்துச்சு. அத்தான் தெனமும் உக்காருற நாற்காலியில போய் விழுந்துச்சு, அன்னைக்கு அவரு கோயிலுக்குப் போயிருந்தாரு. அந்த நாளை என்னால மறக்க முடியல. உங்களுக்கும் கடல் தூரமில்ல, அதனால எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா வாங்குங்க, குளச்சல், முட்டம் மாதிரி கரையை ஒட்டி இருக்கிறவங்க உப்புக் காத்தை இன்னும் நல்லா தாங்குற 316 கிரேடு கேட்டு வாங்கணும். போல்ட்டுல ஸ்பிரிங் வாஷரும் போடுங்க. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 2 எம்எம் ஸ்டீல் கயிறு ஒண்ணு, பிராக்கெட்டுல இல்ல, தனியா இன்னொரு ஆங்கர்ல கட்டுங்க, ரொம்பத் தொளதொளன்னு விடாம. பிராக்கெட் போனாலும் ஸ்பீக்கர் அந்தரத்துல நிக்கும், கீழ வராது. அம்மாகிட்ட இந்தக் கயிறைக் காட்டுங்க, அவங்க பயம் நியாயமான பயம்.

எடம் பத்தி ஒரு வார்த்தை. 5.1 செட்டுல (அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) சரவுண்ட் ஸ்பீக்கர், அதாவது உங்க பின்பக்க ஸ்பீக்கர், உக்காருறவங்களுக்கு நேர் பின்னாடி வரத் தேவையில்ல, ரெண்டு பக்கத்துலயும் கொஞ்சம் பின்தள்ளி, நேர் முன்னாடியை 0ன்னு வச்சா 110லிருந்து 120 டிகிரி, காதுக்கு ரெண்டு அடி மேல இருந்தா போதும். அப்போ யார் தலைக்கு மேலயும் வராது. அடிச்சத்தம் குடுக்கிற சப்வூஃபரை மட்டும் தரையை விட்டு எடுக்காதீங்க.

எல்லாம் முடிஞ்ச உடனே ஸ்பீக்கரை மாட்டிராதீங்க. சுவர்ல உள்ள தட்டுல கயிறு கட்டி 12 கிலோ எடை தொங்க விடுங்க, நல்ல ஏத்தன் வாழைக்குலை ஒண்ணு கிட்டத்தட்ட அவ்வளவு வரும். தட்டைச் சுத்தி பென்சில்ல கோடு போட்டுட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்க, காலையில கோடு நகரலைன்னா மாட்டலாம். பிறகு வருசத்துக்கு ரெண்டு தடவை, எடவப்பாதிக்கு, அதாவது ஜூன் மழைக்கு, முன்னாடி ஒண்ணு, ஐப்பசி மழை விட்ட பிறகு ஒண்ணு, ஸ்டூல் போட்டு ஏறி கையால அசைச்சுப் பாருங்க. இந்த வேலையெல்லாம் முடியுற வரைக்கும் சோபாவை அந்தச் சுவரை விட்டு ரெண்டு அடி முன்னாடி இழுத்துப் போட்டிருங்க.