சவம் என்னும் சொல்

அன்புள்ள ஐயா,

கோவையில் பிறந்த நான் திருமணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்து ஓராண்டு ஆகிறது. பால் குடிக்காமல் ஓடிய நாத்தனார் மகனைப் பார்த்து என் மாமியார், "சவமே, ஒரு வாய் குடிச்சிட்டுப் போலே" என்றார். அகராதி 'பிணம்' என்கிறது. குழந்தையை அப்படிச் சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அகராதி சொல்வது சரிதான். ஆனால் உங்கள் மாமியார் அந்தப் பொருளில் பேசவில்லை. பல பொருள் தரும் ஒரு சொல் 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' தெளிவாகும் என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்னும் இயல் கூறுகிறது. 'மா' மாமரத்தையும் குறிக்கும், குதிரையையும் குறிக்கும். மா பூத்தது என்றால் மரம் என்பதை வினை காட்டிவிடும். சார்புக்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது: கவசம் பூண்டு நிற்பவன் 'மா கொணா' (மா கொண்டு வா) என்றால் அவன் கேட்பது குதிரையை. அந்தத் தொடரில் குதிரைக்கான குறிப்பு எதுவும் இல்லை. அது அவன் உடம்பின்மேல் இருக்கிறது. உங்கள் மாமியாருக்குக் கவசம், கையிலிருந்த பால் தம்ளர்.

நெல்லைப் பக்கத்தில் இச்சொல் நாள் முழுதும் புழங்கும். திரும்பி வராத கடனைப் பற்றிப் பேச்செடுத்தால் "சவத்த விடுங்க அண்ணாச்சி" என்பார்கள். ஓடாத மோட்டாரும் சவம்தான். மூதேவி குறுகிப் பிறந்த மூதியைச் சேர்த்துச் 'சவத்து மூதி' என்று தலைவாரிவிடும் ஆச்சி சொன்னால் பேத்தி சிரிப்பாள். அதையே முன்பின் தெரியாதவர் பேருந்தில் சொன்னால் கைகலப்பாகும். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், இவ்வூர்ப் பேச்சைக் கதையில் எழுதுபவர்கள் குரலையும் உறவையும் முன்கூட்டியே வாசகருக்குப் பழக்கியிருக்க வேண்டும்.

எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. இத்தனை தாராளமாகப் புழங்கும் இச்சொல்லை இழவு வீட்டில் மட்டும் வாயிலெடுக்கத் தயங்குவார்கள். அங்கே வருபவர் தாழ்ந்த குரலில் "எப்பம் எடுக்காவ?" என்றுதான் கேட்பார். எதை எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வாசலில் கட்டிக்கொண்டிருக்கும் பாடை அதைச் சொல்லிவிடுகிறது. அகராதி தரும் நேர்ப்பொருளுக்கு உரிய இடத்திலேயே அச்சொல் மறைந்துவிடுகிறது.

ஆகவே குழந்தையைச் சொல்லலாம், சொல்பவர் மூத்தவராக இருக்கும்வரை. இது மேலிருந்து கீழாகவும் ஒத்த வயதினரிடையேயும் மட்டுமே செல்லும் சொல் என்பதால், ஊர்ப்பேச்சு பழகிய உற்சாகத்தில் உங்கள் மாமியாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.