எட்டி நடந்தால் வேகம் கூடுமா?

கேள்வி: எனக்கு வயது 46. முதுகில் 14 கிலோ பையோடு பத்து நாள் ட்ரெக்கிங் போய்விட்டுச் சென்ற வாரம்தான் திரும்பினேன். தினமும் 18 கிலோமீட்டர் நடை. குழுவில் கடைசி ஆள் எப்போதும் நான்தான். ஐந்தாம் நாளிலிருந்து எட்டி எட்டி நடந்து பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்ததுதான் மிச்சம். நான்கு மாதத்தில் அடுத்த பயணம். வேகத்தை எப்படிக் கூட்டுவது?

பதில்: வேகம் இருக்கட்டும், முதலில் அந்த வலி. உட்கார்ந்துகொண்டு, அந்த எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலைந்து விரல் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள திசு நொந்துபோயிருக்கும். இரண்டு மூன்று வாரம் நடையைக் குறைத்தாலே பலருக்கு அடங்கிவிடும். ஒரே இடத்தில், நாணயம் அளவுக்குள், தொட்டதும் சுரீரென்று வலித்தால் அது மயிரிழை முறிவாக இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதுண்டு. அதை நம்பிப் பையைத் தூக்கிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுக்கும்.

உங்களுக்கு ஏன் இப்படி ஆனது? இதயமும் தசையும் சில வாரங்களிலேயே புதுச் சுமைக்குப் பழகிவிடும். எலும்பு அப்படியல்ல. பழைய பகுதியை அரித்து எடுத்த பிறகே புதியதைக் கட்டும். இடைப்பட்ட வாரங்களில் அது முன்னைவிடப் பலவீனமாகவே இருக்கும். மூச்சு வாங்கவில்லை என்பதால் கால் தயார் என்று அர்த்தமில்லை. போதாக்குறைக்கு எட்டி நடந்திருக்கிறீர்கள். பாதம் உடம்புக்கு வெகு முன்னால் விழும்போது குதிகால் பிரேக் பிடிக்கிறது. அந்த அதிர்ச்சியைத் தாங்குவது நீங்கள் சொல்லும் அதே இடம். அடியைச் சிறிதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஏற்றத்தில் இன்னும் சிறிய அடி. பேச்சு நடுவில் அறுபடாமல் ஒரு முழு வாக்கியம் சொல்ல முடிந்தால், அதுதான் நாள் முழுக்கத் தாங்கும் வேகம்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் 18 கிலோமீட்டருக்கு நாலரை மணி நேரம். அதையே 4.4 ஆக்கினால் மிச்சமாவது சுமார் 25 நிமிடம். ஆனால் வழியில் பத்து முறை, பத்துப் பத்து நிமிடம் நின்றால் 100 நிமிடம் போயிற்று. அதைப் பாதியாக்கினால் காலுக்கு ஒரு சிரமமும் இல்லாமல் 50 நிமிடம் கையில். முன்னால் போகிறவர்களில் பலர் உங்களைவிட வேகமானவர்கள் அல்ல, குறைவாக நிற்பவர்கள். தண்ணீரும் தின்பண்டமும் பையைக் கழற்றாமல் எட்டும் இடத்தில் இருக்கட்டும். மதியத்துக்கு மேல் கால் கனத்துப்போகிறது என்றால் பலமுறை காரணம் பசிதான். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகவேண்டும். அப்புறம் அந்த 14 கிலோ! மூன்று கிலோ குறைத்துப் பாருங்கள், நான் சொன்ன மற்றதெல்லாம் சுலபமாகும்.

வலி அடங்கியபின் பயிற்சி. வாரத்தில் ஒருநாள் பையோடு படிக்கட்டு ஏறி இறங்குங்கள். வெறும் பையில் தொடங்கி எடையைக் கூட்டலாம். ஏறுவதைவிட இறங்குவது முக்கியம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமை தாங்குவதால்தான் இரண்டாம் நாள் உட்கார்ந்து எழ முடியாதபடி வலிக்கிறது. முன்கூட்டியே ஓரிரு முறை இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவாக நோகாது.

வலிமாத்திரை போட்டுக்கொண்டு நடப்பதை மட்டும் செய்யாதீர்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். முறிவின் வலியையும் மறைத்துவிடும். ஏற்றத்தில் நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்திருந்தால், கிளம்பும் முன் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதை உங்கள் கடிதத்தில் சொல்லவில்லை, இருந்தும் 46 வயது என்பதால் கேட்கிறேன்.