சாவி வாங்குவதற்கு முன் ஒரு சுற்று

பத்திரத்தைப் பார்க்க வக்கீல் இருக்கிறார், கடனைப் பார்க்க வங்கி இருக்கிறது. வீட்டைக் கடைசியாக ஒருமுறை நின்று பார்ப்பதை மட்டும் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

அடுத்த வாரம் புது ஃபிளாட்டின் சாவி தருகிறார்கள். பில்டரின் ஆள் அரை மணி நேரம் சுற்றிக் காட்டுவாராம். எதைப் பார்ப்பது?

அரை மணி நேரம் போதாது, இரண்டு நாள் கேளுங்கள். பாத்ரூமுக்காகத்தான் சொல்கிறேன். தண்ணீர் போகும் துவாரத்தை ஈரத்துணியால் இறுக அடைத்து, தரையில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். மறுநாள் கீழ் வீட்டு பாத்ரூமின் மேற்கூரையைப் பாருங்கள். ஈரத்திட்டு தெரிந்தால் கசிவு இருக்கிறது. இப்போதென்றால் டைல்ஸை உடைத்துச் சரிசெய்வது பில்டரின் வேலை. குடிபோன பிறகென்றால் உங்கள் குளியல், கீழ் வீட்டாரின் நிம்மதி இரண்டும் போகும். அப்புறம் துணியை எடுத்து வாட்டத்தைக் கவனியுங்கள். தண்ணீர் முழுதும் துவாரத்தை நோக்கி ஓட வேண்டும், மூலையில் தேங்கக் கூடாது.

மற்ற அறைகளில் ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போங்கள். அடியில் கலவை நிரம்பாத இடம் காலிப் பானை போல ஒலிக்கும். அங்கே சாக்பீஸால் குறியிடுங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் போன் சார்ஜரைச் செருகுங்கள். மின்பெட்டியில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச் இருக்கும்; அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அந்தக் கணமே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உயிருக்கு ஆபத்து, சமரசமே வேண்டாம்.

குறைகளைப் படத்துடன் எழுதி, தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். இதெல்லாம் கடைசித் தவணைக்கு முன்பு நடக்க வேண்டும். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு ஒரு கதவுக்காக மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

பழைய வீடு வாங்குகிறோம். பார்த்து மூன்று மாதமாகிறது, பத்து நாளில் கிரயம். மறுபடி பார்க்கக் கேட்டால் விற்பவர் தப்பாக நினைப்பாரா?

தயங்காமல் கேளுங்கள். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் போட்டதிலிருந்து ஒப்படைக்கும்வரை வீட்டைக் கவனமாக வைத்திருப்பது விற்பவரின் கடமை. தனக்குத் தெரிந்த மறைவான குறையையும் அவர் சொல்லியாக வேண்டும். ஆனால் சாதாரணமாகப் பார்த்தாலே தெரியக்கூடிய குறை இதில் வராது. அதைப் பார்க்க வேண்டியது நாம்தான்.

எங்கள் வீட்டை வாங்கியபோது பீரோ நின்ற சுவரைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டோம். பீரோ போனதும், முழங்கால் உயரத்துக்கு ஓதம்; தொட்டால் உப்பு உதிர்ந்தது. அதனால், சாமான்களைக் காலிசெய்த பிறகு, கிரயத்துக்கு முந்தின நாள் பகல் வெளிச்சத்தில் போங்கள். மோட்டாரைப் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறதா பாருங்கள். விட்டுவிட்டுப் போவதாகச் சொன்ன ஃபேன், ஏ.சி., இன்வெர்ட்டர் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். வாடகைக்கு யாராவது இருந்தால், அவர்கள் காலிசெய்யும்வரை கிரயத்தைத் தள்ளிவையுங்கள்.

கார்ப்பெட் ஏரியாவை நாமே அளக்கலாமா?

தாராளமாக. கார்ப்பெட் ஏரியா என்பது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரைப்பரப்பு. ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி அதில் வெளிச்சுவர், பால்கனி, குழாய் போகும் ஷாஃப்ட் சேராது; உள்தடுப்புச் சுவர்கள் சேரும். டேப்புடன் போய் அளந்து, ஒப்பந்தத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

நான் துபாயில் இருக்கிறேன். அப்பாவால் மாடி ஏற முடியாது. வீடியோ காலில் பார்த்தால் போதுமா?

போதாது. ஓதத்தின் வாடையும் டைல்ஸின் ஒலியும் அதில் சரியாகப் பிடிபடாது. விற்பவருடன் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை அனுப்பி, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

குடிவந்து இரண்டு வருடம் கழித்துச் சுவரில் கசிவு. இனி பில்டரைக் கேட்க முடியுமா?

ரெராவில் பதிவான திட்டம் என்றால் முடியும். 14(3) பிரிவின்படி, ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத்தரக் குறையையோ தெரிவித்தால், 30 நாளுக்குள் கட்டணமில்லாமல் சரிசெய்ய வேண்டும். வாய்ப்பேச்சாக விடாமல் படங்களுடன் பதிவுத்தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அசையவில்லை என்றால் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம்; அங்கே அந்த ரசீது தேவைப்படும்.