இறந்த பிறகு வரும் குடியுரிமைக்கு என்ன பொருள்?

குடியுரிமை இல்லாத ஒருவர் அமெரிக்கப் படையில் சேர்ந்து போரில் இறந்தால், அதன் பிறகு அவரைக் குடிமகனாக அறிவிப்பது உண்மையா, அதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மைதான். 1990இல் வந்த சட்டம் அதற்கு வழி செய்தது. உறவினர் இரண்டு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இறந்த தேதியிலிருந்தே அவர் குடிமகனாகக் கருதப்படுவார். தொடக்கத்தில் அது வெறும் கௌரவம்தான். குடும்பத்தினர் அதைக் கொண்டு குடியேற்றச் சலுகை கோர, 2003 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்ட பிறகே முடிந்தது.

அந்த ஆண்டை நினைத்தால் எனக்கு ஹோசே குட்டியெரஸின் நினைவுதான் வரும். குவாத்தமாலாவில் பெற்றோரை இழந்து தெருவில் வளர்ந்தவர். சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு மெக்சிகோவைக் கடந்து அமெரிக்கா வந்தார். கட்டடக்கலை படிக்கும் ஆசை அவருக்கு இருந்தது. மரைன் படையில் சேர்ந்து, இராக் போர் தொடங்கிய மறுநாளே, 2003 மார்ச் 21 அன்று, உம் கஸ்ர் அருகே கொல்லப்பட்டார். சில நாட்களில் குடியுரிமை வந்தது. உடலோ குவாத்தமாலாவுக்குத் திரும்பிப் போய் அங்கேயே அடக்கமானது.

அந்தக் குடியுரிமைச் சான்றிதழை நான் குறைத்துப் பேசவில்லை. பின்னால் வந்த பல குடும்பங்களுக்கு அது பயன்பட்டிருக்கும். ஆனால் இவரை நினைவுகூர்கிறவர்கள் "முதல் பலிகளில் ஒருவர்" என்பதோடு நிறுத்திவிடுவது எனக்கு வலிக்கிறது. அந்த ரயில் பயணத்தையும், வரைய நினைத்த கட்டடங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.