கடலோரச் சைக்கிள் பயணம்: வாங்கியதும் ஏமாந்ததும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள்கள் கிளம்பிவிடும். பகலெல்லாம் மிதித்து, இரவு கடலோரத் தோப்பில் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் இந்த வாரம்.

மாமல்லபுரம் தாண்டி ஒரு கூடாரத் தங்கலுக்கு நான்கு பேருக்கு 6,000 ரூபாய் முன்பணம் அனுப்பினோம். இருட்டுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தால் வெறும் மணல். வேறு இடத்தில் அறை எடுத்தோம். 'அனுமதி கிடைக்கவில்லை, முன்பணம் திரும்பாது' என்கிறார் தங்கல் நடத்துபவர். – வேளச்சேரி

இருட்டுகிற நேரத்தில், களைத்த காலோடு தெருவில் நின்றிருக்கிறீர்கள். படிக்கவே கோபம் வருகிறது. அனுமதி வாங்குவது காசு வாங்கியவரின் வேலை. இது சேவைக் குறைபாடு. பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். 15 நாள் கெடு வைத்து எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அன்று இரவு அறை எடுத்த செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய சைக்கிள் எனக்கு உயரம் அதிகம். விற்பனைப் பக்கத்தில் அளவு அட்டவணை இருந்தது, நான் பார்க்கவில்லை. முட்டுக்காடு வரை ஓட்டிப் பார்த்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கலாமா? – தாம்பரம்

முடியாது. அளவு அட்டவணை அந்தப் பக்கத்திலேயே இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

'நான்கு பேர், வாட்டர்ப்ரூஃப்' என்று போட்ட கூடாரம் மரக்காணத்தில் ஒரே மழையில் ஒழுகிவிட்டது. வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. கடைக்காரர் பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்பதைக் காட்டுகிறார். – கடலூர்

நானும் இப்படி ஒன்றை 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஆலம்பரைக் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் தங்கியிருந்தோம். நள்ளிரவில் மழை பிடித்தது. துணி தாங்கியது, தையல் ஓரமெல்லாம் சொட்டியது. என் மகளின் படுக்கை நனைந்து, விடியும்வரை நடுங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து 'வாட்டர்ப்ரூஃப்' என்ற வெறும் சொல்லை நான் நம்புவதில்லை.

எண் வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று நல்ல கூடாரங்களில் போட்டிருப்பார்கள். 1,500 தூறலுக்குப் போதும். நம் பருவமழைக்கு 3,000 பாருங்கள். தரைத்துணிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும், முழங்கால் ஊன்றினாலே அழுத்தம் ஏறும். தையலின் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மேல்விரிப்பு தரைவரை இறங்க வேண்டும். பாதியில் நிற்பது காற்றோடு வரும் சாரலுக்கு ஆகாது. 'நான்கு பேர்' என்றால் தோளோடு தோள் ஒட்டி நான்கு பேர், பைகளுக்கு இடம் கிடையாது. எண்ணே போடாத கூடாரத்தைத் தொடாதீர்கள்.

சரி, உங்கள் பணம். கடலோர இரவில் கூடாரத்தின் எல்லா ஜன்னலையும் மூடிப் படுத்தால் மூச்சின் ஈரமே உள்ளே வழியும், அது ஒழுகல்போலவே தெரியும். அதனால் முதலில் மொட்டை மாடியில் கூடாரத்தைப் போட்டு, ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்து வீடியோ எடுங்கள். ஒழுகினால் அது குறையுள்ள பொருள். அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. கடைக்காரர் அச்சடித்த வரி அதற்கு மேல் இல்லை. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, நாளைக்கே எழுதிக் கொடுங்கள்.

மாற்று ட்யூப் இல்லாமல் பாண்டிச்சேரிக்குக் கிளம்பினேன். கோவளம் அருகே டயரில் காற்று இறங்கியது. வழியில் இருந்த சைக்கிள் கடைப் பம்ப் என் டயரில் பொருந்தவில்லை. மோசமான சைக்கிளை விற்றுவிட்டார்களா? – மயிலாப்பூர்

இல்லை. உங்களுடையது பிரஸ்டா எனும் ஒல்லி வால்வு. நம் ஊர்ச் சாதாரணச் சைக்கிளின் வால்வு வேறு. ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், விலை மிகக் குறைவு. அப்புறம், மாற்று ட்யூப் இல்லாமல் பாண்டிச்சேரிவரை 150 கிலோமீட்டர் போகத் துணிந்தது சரியில்லை.

2,800 ரூபாய் ஜெல் சீட் உறை வாங்கலாமா? – அடையாறு

வேண்டாம். பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குங்கள்.

பிப்ரவரியில் கடற்கரைத் தங்கலுக்கு 1,000 லூமன் கூடார விளக்கு போதுமா? – திருவான்மியூர்

வாங்கவே வாங்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. பிறகு பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலைத் தேடும். பிரகாசமான விளக்கு எரிந்தால் கரைப்பக்கம் ஊர்ந்து செத்துப்போகும். மங்கலான சிவப்பு வெளிச்சம் உள்ள தலைவிளக்கு ஒன்று போதும். அதையும் கூடாரத்துக்குள் மட்டும் எரியவிடுங்கள்.