ரூகர் 10/22: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்?

.22 ரிம்ஃபயர் (அடி விளிம்பில் அடித்து வெடிக்கும் சிறு தோட்டா) செமி ஆட்டோ (ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானாக ஏறும்) ரைஃபிளில் பாகங்களை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் முக்கால்வாசி ரூகர் 10/22 பற்றியவை. அதில் ஆச்சரியமில்லை. 1964-இல் வந்த இந்த ரைஃபிளுக்கு வெளிக்கம்பெனிகள் செய்யாத பாகமே கிடையாது. ரூகரின் ஒரு திருகாணிகூட இல்லாமல் முழுத் துப்பாக்கியையும் கோர்த்துவிடலாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, புதிதாக வாங்கியிருக்கிறேன். பேரல், ட்ரிக்கர், ஸ்டாக் (தோளில் தாங்கும் கட்டை) மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாமா?

வேண்டாம் தம்பி. மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். ஒரு நேரத்தில் ஒரு பாகம். அதற்கும் முன்னால் தோட்டா.

நான்கைந்து வகைத் தோட்டா வாங்கி, 50 கெஜத்தில் துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சில குரூப் (இலக்கில் சேர்ந்து விழும் துளைக் கூட்டம்) சுட்டுப் பாருங்கள். அதே துப்பாக்கி, அதே கை, ஆனால் ஒரு வகையில் குரூப் இன்னொன்றைவிடப் பாதியாகச் சுருங்குவது சாதாரணமாக நடக்கும். பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தோட்டா சரியில்லை என்றால் எந்த பேரலும் காப்பாற்றாது.

இலக்குக்கு என்றால் 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியில் தொடங்குங்கள். அது வினாடிக்கு 1070 அடி அளவில் போகும். ஒலியின் வேகம் சுமார் 1125 அடி. ஹை வெலாசிட்டி தோட்டா ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, போகும் வழியில் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த இறக்கத்தில் குண்டு கொஞ்சம் தள்ளாடும். 50 கெஜத்தில் பெரிதாகத் தெரியாது, 100 கெஜத்தில் தெரியும்.

துப்பாக்கிக்குப் பிடித்த தோட்டா கிடைத்த பிறகு ட்ரிக்கரை மாற்றுங்கள். கம்பெனி ட்ரிக்கரை இழுக்க ஐந்தாறு பவுண்டு விசை வேண்டும். துப்பாக்கியின் எடையே ஐந்து பவுண்டு சொச்சம்தான். தன் எடை அளவுக்கு விசை கொடுத்து இழுத்தால் அது அசையாமல் என்ன செய்யும்? ரூகரின் பிஎக்ஸ் ட்ரிக்கர் இரண்டரை முதல் மூன்று பவுண்டுக்குள் வரும். இரண்டு குறுக்கு ஊசிகளைத் தட்டி எடுத்தால் பழைய ட்ரிக்கர் பெட்டி முழுதாகக் கழன்றுவிடும், புதியது அதே இடத்தில் உட்காரும். டிம்னி, கிட், வோல்க்வார்ட்சன் ட்ரிக்கர்கள் இதைவிட உயர்ந்தவை. போட்டிக்குப் போகாதவருக்கு பிஎக்ஸ் தாராளம்.

கேள்வி: புது ட்ரிக்கர் எதற்கு? பழையதையே அரம் போட்டுத் தேய்த்தால் லேசாகிவிடும் என்கிறார் நண்பர். அவர் துப்பாக்கியில் சில சமயம் இரண்டு குண்டு சேர்ந்து போகிறதாம்.

அவர் முதலில் சுடுவதை நிறுத்தட்டும். சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் விளிம்பு தேய்ந்து சரியாகப் பிடிக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். இன்று இரண்டு போகிறது. நாளை போல்ட்டை (தோட்டாவைப் பேரலுக்குள் தள்ளி அடைக்கும் பாகம்) மூடியவுடனே, விரல் வைக்காமலே வெடிக்கலாம். சட்டமும் இருக்கிறது: ட்ரிக்கரை ஒருமுறை இழுத்தால் தானாக ஒன்றுக்கு மேல் சுடுவது அமெரிக்கச் சட்டத்தில் மெஷின் கன். தேய்த்த பாகங்களைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பெனிப் பாகங்களைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். அந்த விளிம்புகளின் கோணம் வீட்டு அரத்துக்கு வசப்படாது.

கேள்வி: 25 தோட்டா மேகசின் போட்டால் ஜாம் ஆகிறது. கூட வந்த 10 தோட்டா மேகசினில் ஒரு பிரச்சினையும் இல்லை. துப்பாக்கியில் கோளாறா?

இல்லை, மேகசினில்தான். கூட வந்த அந்தச் சின்ன மேகசினைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே பல் வைத்த உருளை ஒன்று சுழல்கிறது, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு தோட்டா. இது ஏன் முக்கியம் என்றால், .22 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால், போல்ட் தள்ளும்போது இரண்டும் மாட்டிக்கொள்ளும். உருளையில் தோட்டாக்கள் தனித்தனியாக இருப்பதால் அந்தச் சிக்கலே எழாது. நீள மேகசின்கள் அடுக்கு முறையில் வேலை செய்பவை. விளிம்புகள் சரியாக உட்காரத்தான் அவற்றை வளைத்துச் செய்கிறார்கள். நிரப்பும்போதும் ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் விழுகிறதா என்று பார்த்து நிரப்புங்கள்.

அடுத்து, மேகசினின் வாயைப் பாருங்கள். தோட்டாவைப் பிடித்திருக்கும் இரண்டு உதடுகளும் எஃகா, பிளாஸ்டிக்கா? ரூகரின் பிஎக்ஸ்-25-இல் எஃகு. மலிவான வெளிக்கம்பெனி மேகசின்களில் பல வெறும் பிளாஸ்டிக். கொஞ்ச நாளில் உதடு விரிந்து, தோட்டாவின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு பேரல் வாயில் இடிக்கும். உங்களுக்கு ஜாம் ஆன தோட்டாவை எடுத்துப் பாருங்கள். ஈய மூக்கில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் காரணம் இதுதான்.

இரண்டு மூன்று மேகசின் வைத்திருப்பவர்கள் அடியில் 1, 2, 3 என்று எழுதி வையுங்கள். ஜாம் ஆகும்போதெல்லாம் 2-தான் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால் வேலை முடிந்தது. துப்பாக்கியைக் கழற்றவே வேண்டாம்.

மேகசினுக்குள் எண்ணெய் விடாதீர்கள். .22 குண்டின் மேல் ஏற்கெனவே மெழுகு பூச்சு இருக்கிறது. அதோடு எண்ணெயும் எரியாத வெடிமருந்துத் துகளும் சேர்ந்தால் பிசின்தான். உலர்ந்த துணி போதும். உருளை மேகசினைத் திறப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நடுத்திருகைக் கழற்றியதும் ஸ்பிரிங்கின் முறுக்கு விட்டுப்போகும். திரும்ப முறுக்கேற்றிப் பூட்டத் தெரியாமல் திறக்காதீர்கள்.

கேள்வி: 25 தோட்டா மேகசின் எல்லா நாட்டிலும் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அமெரிக்காவில் 10-க்கு மேற்பட்ட புதிய மேகசின்களுக்கு 1994-இல் வந்த மத்தியத் தடை 2004-இல் காலாவதியானது. ஆனாலும் கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் தனியாகத் தடை வைத்திருக்கின்றன. கனடாவில் ஒரு விசித்திரம். ரிம்ஃபயர் ரைஃபிள் மேகசினுக்கு அங்கே வரம்பு இல்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதே மேகசின் ரூகர் சார்ஜர் என்ற கைத்துப்பாக்கிக்கும் பொருந்துவதால் அதற்கும் 10-தான் வரம்பு என்று 2016-இல் கனடியப் போலீஸ் சொல்லிவிட்டது. நியூசிலாந்திலும் 2019 சட்டத்துக்குப் பிறகு .22 செமி ஆட்டோவுக்கு 10 வரைதான். ஆஸ்திரேலியாவில் துப்பாக்கியே சி பிரிவு (கடுமையான உரிம வகை), சாதாரண ஆளுக்குக் கிடைப்பது கடினம். வாங்கும் முன் உங்கள் ஊர் உரிமம் வழங்கும் அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: மேட்ச் பேரல் போட்டேன், குரூப் பிரமாதம். ஆனால் சுடாத தோட்டாவை வெளியே இழுத்தால் குண்டு உள்ளேயே நின்றுவிட்டு மருந்து கொட்டுகிறது.

மேட்ச் பேரலின் (போட்டிக்கென்று செய்த பேரல்) அறை, அதாவது தோட்டா உட்காரும் இடம், இறுக்கமானது. குண்டின் முனை, அதைச் சுழலவைக்கும் உள்வரிகளில் அழுந்தி நிற்கும்படி வெட்டியிருப்பார்கள். குரூப் சுருங்கக் காரணமும் அதுதான், குண்டு கழன்று நிற்கக் காரணமும் அதுதான். தோட்டாவை அறையில் ஏற்றிவிட்டால் பாதுகாப்பான திசையில் இலக்கில் சுட்டுத் தீர்ப்பது நல்லது. குண்டு உள்ளே நின்றுவிட்டால் மேகசினைக் கழற்றி, மருந்தைத் துடைத்து, துப்புரவுக் கம்பியால் குண்டைத் தள்ளி எடுங்கள். அதற்கு முன்னால் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டால் பேரல் போய்விடும், கண்ணும் போகலாம். சிசிஐ ஸ்டிங்கரையும் இந்த பேரலில் போடாதீர்கள், அதன் பித்தளைக் கூடு வழக்கத்தைவிட நீளம்.

இதெல்லாம் தொல்லை என்று நினைப்பவர்கள் பென்ட்ஸ் அறை வெட்டிய பேரல் வாங்குங்கள். செமி ஆட்டோவுக்காகவே கொஞ்சம் தளர்த்தி வெட்டியது அது.

கேள்வி: கனமான .920 அங்குல பேரல் பழைய மரக்கட்டை ஸ்டாக்கில் உட்காருமா?

உட்காராது. பழைய ஸ்டாக்கின் பள்ளம் மெல்லிய பேரலுக்கானது. பள்ளத்தைக் குடைய வேண்டும், இல்லையென்றால் ஸ்டாக்கையும் மாற்ற வேண்டும். மேக்புல்லின் ஹன்ட்டர் எக்ஸ்-22 போன்றவற்றில் இரண்டு அளவுக்கும் இடம் உண்டு. பேரலைக் கழற்றுவது சுலபம். அடியில் ஒரு கவ்வி, இரண்டு திருகு, அவ்வளவுதான். போடும்போது இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

மெல்லிய பேரலே போதும் என்பவர்கள் முன்பக்கம் ஸ்டாக்கையும் பேரலையும் சேர்த்துப் பிடிக்கும் வளையத்தைக் கழற்றிவிட்டு ஒருமுறை குரூப் பாருங்கள். சில துப்பாக்கிகளில் செலவே இல்லாமல் முன்னேற்றம் தெரியும்.

கேள்வி: போல்ட் பஃபர், பெரிய கைப்பிடி, நீட்டிய மேகசின் நெம்புகோல் இதெல்லாம் தேவையா சார்?

பஃபர் போட்டால் போல்ட் பின்னால் இடிக்கும் 'டக்' சத்தம் அடங்கும். குரூப்பில் வித்தியாசம் இருக்காது. மேகசின் நெம்புகோல் உண்மையிலேயே நல்லது, கையுறை போடுகிறவர்களுக்குக் கூடுதலாக. கைப்பிடி உங்கள் இஷ்டம். பழைய மாடல்களில் போல்ட்டை விடுவிக்க இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டும். அதற்கான மாற்றுத் தகடு மிக மலிவு, போட்டுவிடுங்கள்.

கேள்வி: பெரிய ரைஃபிளில் இருந்த ஸ்கோப் சும்மா கிடக்கிறது. அதையே இதில் மாட்டலாமா?

மாட்டலாம், ஆனால் அதன் பாரலாக்ஸ் (கண் நகரும்போது குறி நகர்வது போலத் தெரியும் பிழையைச் சரிசெய்த தூரம்) பெரும்பாலும் 100 கெஜத்துக்கு அமைத்திருக்கும். 50 கெஜத்தில் கண்ணை லேசாக நகர்த்தினாலே குறுக்குக்கோடு இலக்கில் நகரும். ரிம்ஃபயர் ஸ்கோப்கள் 50 கெஜத்துக்கு அமைத்து வருபவை. பாரலாக்ஸைத் திருப்பும் வசதி இருந்தால் கவலையில்லை.

கேள்வி: பேரலை எத்தனை நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்?

குரூப் விரியும்போது கழுவினால் போதும். பெரும்பாலான 10/22-களில் ரிசீவர் (போல்ட் ஓடும் உடற்பெட்டி) பின்பக்கம் மூடியிருப்பதால் கம்பியை முன்வாய் வழியாகத்தான் விட முடியும். கம்பி உரசி முன்வாயின் விளிம்பு தேய்ந்தால் குரூப் நிரந்தரமாகக் கெடும். அதனால் அறைப்பக்கத்திலிருந்து முன்வாய் நோக்கி இழுக்கும் கயிற்றுத் துடைப்பான் நல்லது. போல்ட் முகத்தையும் எக்ஸ்ட்ராக்டரின் (சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் பாகம்) கொக்கிக்கு அடியில் சேரும் கரியையும் மட்டும் அடிக்கடி பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்துவிடுங்கள். சுட்ட கூடு வெளியே வராமல் நிற்பதாகப் புகார் சொன்ன மூவருக்கும் இதே பதில்தான். கரியை எடுத்த பிறகும் நின்றால் எக்ஸ்ட்ராக்டரை மாற்றுங்கள்.